மச்சாளுக்குப் போன டிஷ்

மன்னாருக்குப் போகிற பஸ் பூவரசங்குளத்தில் நிற்கும்போது, வலப்பக்கம் இருப்பவர்களுக்குப் பொதுமண்டபத்துக் கூரைக்கு மேலால் ஒரு பெரிய வெள்ளை டிஷ் தெரியும். நான் கனகாலம் இடப்பக்கத்தில் இருந்துதான் போனேன். வெயில் முகத்தில் அடித்தாலும் அந்தப் பக்கம்தான். அந்த டிஷ்ஷைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பேச்சுக்குச் சொல்லவில்லை, வெறும் வயிற்றில் பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி உண்மையாகவே எரியும். நெளுக்குளத்தில் என் கொட்டிலுக்கு மேல் நின்றிருக்க வேண்டிய டிஷ் அது. மச்சாளுக்குப் போய்விட்டது.

மச்சாள் என்றால் என் தாய்மாமனின் மகள். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. இடம்பெயர்ந்து வந்தபோது நாங்கள் நெளுக்குளத்தில் தங்கினோம். மாமா குடும்பம் அதே மன்னார் றோட்டில் இன்னும் உள்ளே போய்ப் பூவரசங்குளத்தில் தங்கியது. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒன்று கிடைத்தால் அவளுக்கு இரண்டு கிடைக்கும். எனக்கு நீளமான தலைமயிர், அவளுக்கு நீளமும் இருந்தது, சுருளும் இருந்தது. எனக்கு அண்ணா ஓடித் தேய்ந்த சைக்கிள், அவளுக்குக் கடையில் கடதாசி பிரிக்காத லேடீஸ் சைக்கிள். எனக்குக் கலியாணம் பேசிப் பேசிச் சாதகக் கொப்பிதான் கிழிந்தது. அவளுக்கோ ஒருவன் தானாகவே வந்து கேட்டு, கட்டி, கனடாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டான். இதெல்லாம் இருந்தும் அவள் கொஞ்சமாவது திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! நாலு பேரிடம் சொல்லித் திட்டியாவது ஆறியிருப்பேன். அவள் நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

சமாதான காலம் அது. பாதை திறந்து, சாமான் வந்து, சனம் கொஞ்சம் மூச்சு விட்டது. எல்லாத் தாய் தகப்பனுக்கும் ஒரே ஆசை, பிள்ளை கொம்பியூட்டர் படிக்க வேண்டும். நானும் மச்சாளும் வவுனியா டவுனில் ஒரே வகுப்பில் படித்து முடித்துவிட்டு, அவரவர் ஊரில் ஆளுக்கொரு வகுப்பு தொடங்கினோம். என்னுடையது முன்பு மண்ணெண்ணெய் விற்ற ஒரு தகரக் கொட்டில். எத்தனை சாம்பிராணி போட்டாலும் அந்த மணம் போகாது. உள்ளே இரண்டு பழைய கொம்பியூட்டர்கள். ஊர்ப் பொதுமண்டபத்தில் வகுப்பு நடத்திய மச்சாளிடம் இருந்தது ஒன்றுதான், ஆனால் புருசன் அனுப்பிய புதுசு.

இன்ரநெற் மட்டும் இரண்டு பேரிடமும் இல்லை. தொலைபேசிக் கம்பி எங்கள் பக்கம் வரவேயில்லை. மெயில் என்றால் என்ன என்று பலகையில் எழுதித்தான் படிப்பித்தேன். நீந்தத் தெரிய வேண்டிய பிள்ளைக்குக் கிணற்றைப் படமாகக் கீறிக் காட்டின கதை.

அப்போதுதான் விதானையார் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். கிராம சேவகரை எங்கள் ஊரில் இன்றும் விதானையார் என்றுதான் சொல்வோம். கம்பி போகாத கிராமங்களுக்கு அரசாங்கம் இன்ரநெற் நிலையம் வைத்துக் கொடுக்கப் போகிறதாம். டிஷ்ஷும் கொம்பியூட்டர்களும் அவர்களே தருவார்களாம். லைன் காசும் அவர்களே கட்டுவார்களாம். நடத்துகிற ஆளுக்கு மாதச் சம்பளமும் உண்டாம். மன்னார் றோட்டுப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான். விருப்பமானவர்கள் விண்ணப்பிக்கலாம், பிறகு கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள்.

எனக்கு அது ஆசை இல்லை, உயிர்ப் பிரச்சினை. கொட்டில்காரர் வருசத்தோடு எழும்பச் சொல்லியிருந்தார். "அரசாங்கம் ஏதும் வைக்குதெண்டால் இரு பிள்ளை, எனக்கும் மரியாதைதான். இல்லாட்டி நான் சீமெந்து அடுக்க வேணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கொட்டில் போனால் நான் போகிற இடம் அண்ணியின் குசினி. அண்ணி கெட்டவர் இல்லை. ஆனால் "நீ சும்மாதானே இருக்கிறாய்" என்று ஒரு வசனம் வைத்திருந்தார். அந்த வசனம் காலையில் தேங்காய் துருவுவதில் தொடங்கி, பின்னேரம் பிள்ளைகளின் சொக்ஸ் தோய்ப்பது வரை போகும். முப்பது வயதில், கொம்பியூட்டர் படித்த கையோடு, அதற்குள் திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை. மச்சாளுக்கு என்ன? டிஷ் வராவிட்டாலும் கனடாக் காசு வரும்.

விண்ணப்பம் எழுத அவள் என்னிடம்தான் வந்தாள். லேடீஸ் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, வந்து பக்கத்தில் இருந்தாள். "உங்கள் நிலையத்தில் தற்போது உள்ள வசதிகள்" என்று ஒரு கேள்வி. நான் நெஞ்சை நிமிர்த்தி ஒரு பக்கம் எழுதினேன். இல்லாததையும் கொஞ்சம் இருப்பதாக எழுதினேன். அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். "எங்களிட்ட ஒண்டும் இல்லை. ஒரு கொம்பியூட்டர். பிள்ளையள் பாயிலை இருக்கினம்" என்ற பொருள்பட நாலு வரி.

"எடியே, என்ன எழுதி வைச்சிருக்கிறாய்?"

"ஏன், உண்மையைத்தானே எழுதினனான்?"

ஐயோ கடவுளே, இவளுக்கு ஒன்றுமே விளங்காது என்று நினைத்தேன். நாங்கள் அப்படியா வளர்ந்தோம்? கஞ்சி குடித்தாலும் வாசலில் நின்று வாயைத் துடைத்துக்கொண்டு ஏப்பம் விடுகிற சனம் நாங்கள். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் முன்வீட்டுக் கதிரை, பக்கத்து வீட்டுக் கோப்பை, பின்வீட்டு மேசைத்துணி எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். வந்த ஆள் போனதும் எல்லாம் வேலிக்கு மேலால் திரும்பிப் போகும். நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் எங்கள் கதிரை போகும். இல்லை என்று வெளியாளுக்கு எழுதிக் கொடுக்கிற ஒருத்தியை அன்றைக்குத்தான் கண்டேன். வெல்லப் போவது நான்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அவளுக்கு ஒரு எழுத்தையும் திருத்திக் கொடுக்கவில்லை.

இடம் பார்க்க இரண்டு பேரையும் தெரிந்தெடுத்துவிட்டார்கள். ஒரே நாளில் வந்து பார்ப்பார்களாம். நெளுக்குளத்துக்குக் காலமை, பூவரசங்குளத்துக்குப் பின்னேரம்.

அந்தக் கிழமை நான் நித்திரை கொள்ளவில்லை. மச்சாளின் பொதுமண்டபம் சீமெந்து நிலம், சுண்ணாம்பு அடித்த சுவர். என்னுடையது தகரம். அதை ஈடுகட்ட ஊரையே இரவல் வாங்கினேன். கலியாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிறவரிடம் உறை போட்ட கதிரைகள். முன்வீட்டு அக்காவின் யன்னல் சீலையும் பிளாஸ்டிக் பூவைத்த பூச்சாடியும். அண்ணியின் கண்ணாடி அலுமாரி. அதைத் தருவதற்கு முன் அண்ணி மூன்று தரம் சத்தியம் வாங்கினார். சந்தியில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடம் போய்க் கால் வைத்த ஃபான் ஒன்றும் அவருடைய கணக்குக் கொம்பியூட்டரும் கேட்டேன். இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து புதிதாகக் கடை போட்டிருந்தார், ஆனாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், எங்கள் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன்.

"என்ன தங்கச்சி, மாப்பிள்ளை வீட்டாக்கள் பொண்ணு பாக்க வாறாங்களா?" என்று சிரித்தார்.

"அதைவிடப் பெரிய ஆக்கள் வருகினம் நானா" என்றேன். முகம் சுட்டது. ஃபானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களுக்கு டவுனில் படிப்பித்த மாஸ்டரும் ஒரு கொம்பியூட்டர் தந்தார். ஆனாலும் மேசை வரிசையில் ஒரு இடம் வெறுமையாகவே இருந்தது. பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து மச்சாள் வந்தாள். கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"மச்சாள், சோக்காயிருக்கடி! மாளிகை மாதிரி இருக்கு."

"அந்த மூலைதான் வெறுமையாக் கிடக்குது."

"அதுக்கென்ன, என்ர கொம்பியூட்டரைக் கொண்டுவந்து வையன். உன்னட்டக் காலமைதானே வருகினம். அவை வெளிக்கிட்ட உடனை ஓட்டோவிலை எனக்கு அனுப்பிவிடு."

எனக்கு அப்படி ஒரு மனம் வந்திருக்குமா? வந்திருக்காது. அவள் சொன்ன மாத்திரத்தில் நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கொடுப்பதிலும் இவளா முந்த வேண்டும்? இருந்தாலும் வாங்கினேன். வாங்கி, நடு மேசையில், வாசலுக்கு நேரே வைத்தேன். புதுசல்லவா.

கொழும்பு ஆட்கள் வெள்ளை வானில் வந்தார்கள். பெரியவர் ஒரு தமிழ் எஞ்சினியர், கண்ணாடி போட்டவர், மெல்லக் கதைக்கிறவர். வாசலில் நிறைகுடம் வைத்துச் சந்தனம் கொடுத்தேன். உறை போட்ட கதிரையில் இருத்தினேன். ஃபான் சுழன்றது, யன்னல் சீலை ஆடியது, ஐந்து கொம்பியூட்டர்களும் மின்னின. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு விரல்களை மடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

"நல்லா வச்சிருக்கிறீங்க மிஸ். எங்கட ஒஃபிஸ விட நல்லா இருக்கு" என்றார் எஞ்சினியர்.

எனக்குத் தலை கூரையில் முட்டியது.

"இதெல்லாம் உங்கடதா?"

"ஓம் சேர். எல்லாம் எங்கடைதான்."

"அப்ப பெரிசா ஒரு குறையும் இல்ல?"

"உங்கட புண்ணியத்திலை ஒரு குறையும் இல்லை சேர். டிஷ் ஒண்டுதான்."

அவர் தலையாட்டி ஏதோ எழுதினார். மதியச் சாப்பாடு கொடுக்காமல் விடுவது எங்கள் வழக்கமா? கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பாயாசம். அவர்கள் நேரத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நான் இன்னும் ஒரு அகப்பை, இன்னும் ஒரு அகப்பை என்று போட்டேன். அவர்கள் இருக்கும் வரை மேசையில் இருக்கிற கொம்பியூட்டரைக் கழற்ற முடியுமா? வான் வெளிக்கிட்ட பிறகுதான் மச்சாளுடையதைக் கழற்றி, ஓட்டோவில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன்.

பாதி வழியில் சென்றிக் காவலரணில் மறித்துவிட்டார்கள். ஆமிக் கொன்வோய் வருகிறதாம், வீதி வெறுமையாக இருக்க வேண்டுமாம். அரசாங்க வானை விட்டுவிட்டார்கள். எங்கள் ஓட்டோவை ஓரத்தில் நிறுத்தி, என்னை மரத்துக்குக் கீழே இருக்கச் சொன்னார்கள். வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருந்தன. நான் மச்சாளின் புதுக் கொம்பியூட்டரைச் சேலைத் தலைப்பால் தூசி படாமல் மூடிக்கொண்டு இருந்தேன். ஒரு பக்கம் ஐயோ அவளுக்கு நேரம் போகிறதே என்று பதகளிப்பு. இன்னொரு பக்கம், வயிற்றுக்குள் குளுகுளு என்று மோர் இறங்கின மாதிரி ஒரு சுகம். வெறும் மண்டபத்தை அல்லவா காட்டப் போகிறாள்! வேண்டுமென்று நான் ஒன்றும் செய்யவில்லையே, ஆமி மறித்தால் நான் என்ன செய்ய?

நான் போய்ச் சேர்ந்தபோது வான் திரும்பிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குள் மச்சாள் கண் கலங்கி நின்றாள். நிலத்தில் பாய்கள். பாயில் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் ஒரு மட்டைத் துண்டு. பிஸ்கற் பெட்டியைக் கிழித்து, கட்டம் கீறி, எழுத்துகள் எழுதி, கீபோட் செய்து கொடுத்திருந்தாள். ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் எல்லாரும் இருக்க முடியாது என்பதால் அவள் எப்போதும் அப்படித்தான் படிப்பிப்பாளாம். எனக்கு அது தெரியாது.

"அந்தாளுக்கு இருக்க ஒரு கதிரைகூட இல்லையடி. பாயிலை சம்மணம் கட்டி இருந்தவர்" என்றாள். "கொம்பியூட்டர் எங்கையெண்டு கேட்டவர். மச்சாளுக்கு இரவல் குடுத்திட்டன் எண்டு சொன்னனான்."

"ஏனடி அதைச் சொன்னனீ?"

"கேட்டவர், சொன்னனான்."

"சரி சரி, அழாதை. அடுத்தமுறை பாப்பம்" என்று அவள் முதுகைத் தடவினேன். வரும் வழியெல்லாம் ஓட்டோக்காரரோடு பகிடி விட்டுக்கொண்டு வந்தேன்.

முடிவை விதானையார் சொன்னார். கொட்டில் வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமலேயே சொன்னார். பூவரசங்குளம்.

"விதானையார், மாறிச் சொல்லுறியளோ?"

"இல்லைப் பிள்ளை. உங்களிட்ட எல்லாம் இருக்காம். இல்லாத இடத்துக்குத்தான் குடுக்கிறதாம். அந்த மட்டைக் கீபோட்டை எஞ்சினியர் கொழும்புக்கே கொண்டுபோனவராம், காட்டுறதுக்கு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவளுடைய கொம்பியூட்டரை நான் இரவல் வாங்காமல் விட்டிருந்தால் அவளுடைய மண்டபம் அவ்வளவு வெறுமையாக இருந்திருக்காது. என்னுடைய கொட்டில் அவ்வளவு நிறைந்திருக்காது. இதை நினைக்க நினைக்க எனக்குச் சுவரில் தலையை மோத வேண்டும் போல இருந்தது, ஆனால் தகரச் சுவர். மோதினாலும் சத்தம்தான் வரும். அவள் ஏதாவது சூழ்ச்சி செய்து பறித்திருந்தால் ஒரு சாபமாவது போட்டிருப்பேன். நல்லது செய்து பறித்தவளை என்ன செய்வது?

கொட்டிலுக்குச் சீமெந்து வந்தது. நான் குசினிக்குப் போனேன். என்னிடம் படித்த பிள்ளைகள் பஸ் ஏறிப் பூவரசங்குளத்துக்குப் படிக்கப் போனார்கள். திறப்பு விழாவில் மச்சாள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இது வர முதல் காரணம் என்ர மச்சாள்தான்" என்று சொல்ல, சனம் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டியது. நெருப்பில் நின்றுகொண்டு சிரிப்பது எப்படி என்று அன்று படித்தேன். விழா முடிந்ததும் என் கையைப் பிடித்து, "வந்து என்னோடை சேர்ந்து படிப்பியன்" என்றாள். "எனக்கு வீட்டில வேலை தலைக்கு மேலை கிடக்குது" என்றேன். தேங்காய் துருவுகிற வேலை.

அப்படியே ஒன்றரை வருசம் போனது. நாடு மறுபடியும் கெட்டது. சண்டை தொடங்கி, பாதை பூட்டி, சனம் பின்னேரத்தோடு கதவடைக்கத் தொடங்கியது. அந்த நேரம் மச்சாளின் புருசன் அவளைக் கனடாவுக்குக் கூப்பிட்டான். அதற்கும் பொறாமைப்பட எனக்குத் தெம்பு இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். போவதற்கு முதல் அவள் எங்கள் குசினி வாசலில் வந்து நின்றாள். மண்டபக் கதவின் திறப்புக் கோர்வையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மண்டபத்து ஊர்ச் சங்கத்தோடையும் கொழும்போடையும் கதைச்சிட்டன். இனி நீதான் பொறுப்பு. சம்பளமும் உன்ர பேரிலை வரும்."

அண்ணி அடுப்பை விட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் தேங்காய்ப்பூ ஒட்டின கையோடு திறப்பை வாங்கினேன். கேட்டது கிடைத்தது, ஆனால் அவள் தின்று மிச்சம் வைத்த மாதிரிக் கிடைத்தது. பிள்ளைகள் அந்த இடத்தை "அக்கான்ர சென்ரர்" என்றுதான் சொன்னார்கள். அந்த அக்கா நான் இல்லை.

அவள் போய்ச் சில மாதங்கள் கழித்து, கமராவில் கதைப்போம் என்று மெயில் போட்டிருந்தாள். இங்கே பின்னேரம், அங்கே விடிய. நான் சும்மா விடுவேனா? கமரா பார்க்கிற சுவரைக் கூட்டித் துடைத்தேன். இரும்புக்கடை முதலாளியிடம் போய் ஃபானை இரவல் வாங்கினேன். இந்தமுறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. முன்வீட்டு அக்காவின் அதே யன்னல் சீலை, அதே பூச்சாடி. எல்லாவற்றையும் பஸ்ஸில் கொண்டுவந்து எனக்குப் பின்னால் அடுக்கினேன். வெள்ளிக்கிழமைக் கோயில் சேலையை உடுத்தேன். கனடாக்காரி பார்க்கட்டும்.

படம் விட்டு விட்டு வந்தது. மச்சாள் தடித்த ஜக்கெற் போட்டபடி நிலத்தில் இருந்தாள். பின்னால் வெறும் சுவர். யன்னல் இல்லை. ஒரு மெத்தை சுவரோடு சாத்தியிருந்தது.

"இது நிலத்துக்குக் கீழை இருக்கிற அறையடி. ஒண்டும் இல்லை. ஒரு கதிரைகூட இல்லை. அவர் இரண்டு வேலைக்குப் போறார். கதைக்க ஆளில்லை" என்றாள். கனடா என்ன, எங்கே போனாலும் இவள் இல்லை என்பதை இல்லை என்றுதான் சொல்வாள். பிறகு திரைக்குக் கிட்ட வந்து என்னை உற்றுப் பார்த்தாள். ஃபானைப் பார்த்தாள். சீலையைப் பார்த்தாள். பூச்சாடியைப் பார்த்தாள்.

"எவ்வளவு வடிவா வைச்சிருக்கிறாய். உன்னைப் பாக்க எனக்குப் பொறாமையாக் கிடக்கடி" என்றாள்.

பிறந்த நாள் முதல் நான் கேட்கக் காத்திருந்த வசனம். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "லைன் சரியில்லை மச்சாள், கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.

அவள் இன்னும் உரத்துச் சொன்னாள். பாதியில் குரல் உடைந்து, ஜக்கெற் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.

நான் திரும்பிப் பூச்சாடியை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தேன்.

"இது என்ரை இல்லையடி. முன்வீட்டு அக்கான்ரை. சீலையும் அவான்ரை. ஃபான் நானான்ரை. என்னட்டையும் ஒண்டும் இல்லை மச்சாள்."

திரையில் அவளுடைய ஜக்கெற் கை கண்ணுக்கு மேல் அப்படியே நின்றது, அசையவில்லை. இந்தமுறை உண்மையாகவே லைன் போய்விட்டது. நான் பூச்சாடியைப் பிடித்தபடி, "கேட்டதோ மச்சாள்? கேட்டதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.